சேஷாசலத்துச் செம்மரமும் ஜவ்வாது மலைக் கூலியும்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் வருவோர் சந்திரகிரியை நெருங்கும்போது இடப்புறத்தில் சேஷாசல மலைத்தொடரைக் காணலாம். பக்தர்களுக்கு அது ஏழுமலை. பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்த தமிழருக்கோ அந்த மலையில் இன்னொரு கதையும் உண்டு.

திருப்பதியின் வளர்ச்சி சாமானியமானதல்ல. 1954-ல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கரகம்பாடியில் பாட்டரித் தொழிற்சாலை வந்தது. 2015-ல் ஐ.ஐ.டி. தொடங்கியது. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று.

ஊர் பெருத்தால் காடு சிறுக்கும் என்பது உலக வழக்கம். இங்கு காட்டுக்கும் காவல் கிடைத்தது. 1989-ல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைந்தது. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதில் ஊரின் நலனும் அடங்கியிருக்கிறது. திருமலையின் கோகர்ப்பம், பாபவிநாசம் அணைகளுக்கு வரும் நீர் இந்த மலைக்காட்டில் பெய்யும் மழைதான். காடு அழிந்தால் யாத்திரிகருக்குத் தண்ணீர்ப் பஞ்சம். யாத்திரிகர் குறைந்தால் கடைவீதிக்கு வியாபாரம் ஏது?

இக்காட்டின் தனிச்செல்வம் செம்மரம். தென்னாந்திர மலைகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக அதிகம் வளர்வதில்லை. வயிரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். சீனாவில் மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் இதற்குக் கிராக்கி உண்டு. 1995 முதல் இதன் வணிகம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை.

கடத்தலில் பணம் பார்ப்பவர் காட்டுக்குள் வருவதில்லை. கோடரி எடுப்பவர் ஜவ்வாது மலை போன்ற பகுதிகளின் ஏழைக் கூலிகள். கட்டட வேலை என்று நம்பி வந்தோரும் அவர்களில் உண்டு. 2015 ஏப்ரல் 7-ல் சந்திரகிரியை ஒட்டிய வனத்தில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தாக்கியதால் சுட்டதாகப் போலீசார் கூறினர். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களில் பல குடும்பங்கள் சம்பாதிக்கும் ஆளை இழந்தன.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் துப்பாக்கி மட்டும் காட்டைக் காத்துவிடாது. சொந்த நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் மத்திய அரசு வழி திறந்தது. அது நிலமுள்ளவனுக்கு, அதுவும் பல ஆண்டுகள் கழித்துப் பயன் தரும். நிலமில்லாத கூலிக்கோ இன்றைக்கே அடுப்பு எரிய வேண்டும். ஜவ்வாது மலையில் விளையும் சாமைக்கும் புளிக்கும் நியாய விலையும், ஆண்டு முழுவதும் வேலையும் கிடைத்தால், தரகரின் வண்டியில் ஏற ஆள் இருக்காது.

அதுவரை தொழிலாளத் தோழர்கள் ஒன்றை மறக்கலாகாது. வழக்கத்துக்கு மீறிய கூலி தருவதாக எவரேனும் அழைத்தால், வேலை என்ன, இடம் எது, முதலாளி யார் என்று கேட்டறிந்து, வீட்டிலும் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். பதில் சொல்லத் தயங்குபவனுடன் போகாமலிருப்பதே நலம்.