தகவல் துளி: உருண்டைப் பாறை ஊரும் பக்கத்து ஊர்களும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். அதன் வடக்கே இருக்கிறது வில்லியம்சன் கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. ரவுண்ட் ராக், ஜார்ஜ்டவுன், ஹட்டோ, டெய்லர் எல்லாம் அங்குள்ள ஊர்கள்.

ஓடைக்கு நடுவே நிற்கும் உருண்டைப் பாறைதான் ரவுண்ட் ராக்குக்குப் பெயர் தந்தது. 1990களில் டெல் கணினி நிறுவனம் தன் தலைமையகத்தை ஆஸ்டினிலிருந்து இங்கே மாற்றியது. ஊரின் முகமே மாறிப்போனது. பருத்தியாலும் ரயிலாலும் வளர்ந்த டெய்லரில், 1,700 கோடி டாலர் செலவில் சிப் ஆலை கட்டப்போவதாக 2021இல் சாம்சங் அறிவித்தது.

2010இல் சுமார் 4 லட்சத்து 22 ஆயிரமாக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை, 2020இல் 6 லட்சத்து 9 ஆயிரத்தைத் தாண்டியது.

இங்கே குடியேறுவோரும் கடை திறப்போரும் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. டெக்சாஸில் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆனால் சொத்து வரி அதிகம். உள்ளூர்ப் பள்ளிகள் நடப்பதும் பெரிதும் அந்தப் பணத்தில்தான். ஆகவே, இடத்தின் விலையோடு ஆண்டு வரியையும் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.