விசா வேண்டாம் என்றால் வேலைக்குப் போகலாம் என்று பொருளல்ல



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது, நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மகனின் பாஸ்போர்ட்டோடும் விமான டிக்கெட்டோடும் காத்திருந்தார். "மலேசியாவுக்கு இப்போ விசாவே வேண்டாமாமே பாய். போய் இறங்கினா போதும், அங்கே பெர்மிட் போட்டுத் தர்றேன்னு ஏஜெண்ட் சொல்றார். வீட்டு நகையை அடகு வெச்சுப் பணம் கட்டிட்டேன். எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதமே பாக்கி. திரும்பி வருவதற்கு டிக்கெட் இல்லை. இவை இரண்டையும் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது மூன்றாவது குறை: பையன் போவது வேலைக்கு, ஆனால் கையில் இருப்பது சுற்றுலாப் பயணியின் அனுமதி. இதே குழப்பத்தில் வேறு சில குடும்பங்களும் இருப்பதால் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

விசா இல்லை, நிபந்தனை உண்டு

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா சென்று 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. உறவினரைப் பார்க்க, கல்யாணத்துக்குப் போக, ஊர் சுற்றிப் பார்க்க இது பெரிய வசதி. திருச்சியில் ஏறினால் நேரே கோலாலம்பூரில் இறங்கலாம். ஆனால் கீழ்க்கண்டவை கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

1. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். மாதம் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள். சேலத்திலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

2. திரும்பி வருவதற்கான டிக்கெட்.

3. தங்கும் இடத்துக்கான ஆதாரம். ஓட்டல் என்றால் முன்பதிவுச் சீட்டு; உறவினர் வீடு என்றால் அவருடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும்.

4. செலவுக்குப் போதுமான பணம்.

5. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை. அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் இருந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார். பதில் தடுமாறினால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

வேலைக்கு என்றால் வழி வேறு

பார்வையாளர் அனுமதியில் போய் வேலை செய்வது மலேசியச் சட்டப்படி குற்றம். 30 நாளுக்கு மேல் தங்கினால் அபராதத்தோடு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பிடிபட்ட பிள்ளை தடுப்பு முகாமில் இருப்பான். ஏஜெண்டின் போன் அணைந்திருக்கும்.

2022 அக்டோபரில் மியான்மாரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டு 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லித்தான் அவர்களை அழைத்துப் போனார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோய் இணைய மோசடிக் கும்பலிடம் விட்டார்கள். படித்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மலேசியா, சவூதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பலர் இதை வீண் அலைச்சல் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்த வழியில் போனால் ஒப்பந்தம் பதிவாகும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கும், சம்பளத் தகராறு வந்தால் தூதரகத்தில் காட்ட ஒரு காகிதம் இருக்கும். ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

இன்னும் இரண்டு விஷயம்

அமீரகத்துக்கு விசிட் விசாவில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் 2022 நவம்பர் முதல் அனுமதிப்பதில்லை; கடைசிப் பக்கத்தில் தந்தை பெயராவது இருக்க வேண்டும். இனிஷியல் மட்டும் போட்டுப் பழகிய நம் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் சிக்கல்.

அடுத்து, பெட்டி. பிரியாணி மசாலாவோடு கசகசாவையும் கட்டிக் கொடுக்கிறோம். சிங்கப்பூர், சவூதி, அமீரகம் மூன்றிலும் கசகசாவுக்குத் தடை. தெரியாது என்ற பதில் அங்கே செல்லாது. "என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யார் பார்சல் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அந்தப் பெரியவரின் மகன் அந்த விமானத்தில் ஏறவில்லை. ஜமாஅத் பெரியவர்கள் பேசியதில் கட்டிய பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம். நகை அடகுக் கடையில்தான் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பு வந்திருந்தால் கால் மணி நேர வேலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளையை வெளிநாடு அனுப்ப முடிவு செய்தால், ஏஜெண்டிடம் ஒரு ரூபாய் கொடுக்கும் முன் பாஸ்போர்ட்டையும் வேலைக் கடிதத்தையும் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தாய்மார்களும் தயங்காமல் வரலாம். உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

வஸ்ஸலாம்.

செயலாளர்