நாய் ஏன் செருப்பைக் குதறுகிறது?

செல்லப்பிராணிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் "நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மொழி வராததால் அல்ல, சொல்ல விஷயம் இல்லாததால். நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். "டீச்சர், அது என் ஸ்கூல் ஷூவைக் கடிச்சுப் போட்டுடுச்சு. அம்மா அதை யாருக்காவது கொடுத்துடணும்னு சொல்றாங்க" என்று கொட்டித் தீர்க்கும். விளக்கக் கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

"கொடுத்துடணும்" என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் வீவக வீட்டில் இடம் தரும் 'அடோர்' திட்டம் 2012ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் நாயை எடுத்து வளர்ப்பவர்கள் அதற்குக் கீழ்ப்படிதல் பயிற்சியும் தர வேண்டும். ஆக, ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் நாய்க்கு இன்னொரு வீடு எளிதில் அமைவதில்லை. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றால் அது குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஒரு ஜோடி காலணியில் தொடங்கிய விஷயம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

முதலில் நாயின் வயதைக் கேட்க வேண்டும். குட்டிக்கு 28 பால் பற்கள். ஏறக்குறைய நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு குறுகுறுக்கும், வலிக்கும். பல் முளைக்கும் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பது போலத்தான் இதுவும். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் இதமாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே இருங்கள், துணியைக் கிழித்து விழுங்கிவிடப் போகிறது.

வளர்ந்த நாயின் கதை வேறு. "நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்ற பழமொழி தெருநாயைப் பார்த்துச் சொன்னது. பன்னிரண்டாம் மாடியில், காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு வேலையும் இல்லை, ஓட இடமும் இல்லை; நேரம் மட்டும் நிறைய இருக்கிறது. அதனால் மெல்லுகிறது. மெல்லுவது அதன் இயல்பு, அதை நிறுத்த முடியாது. எதை மெல்லலாம் என்பதைத்தான் நாம் மாற்ற முடியும்.

"இல்ல டீச்சர், அது வேணும்னே பண்ணுது. திட்டினா தலையைக் குனிஞ்சுக்குதே!" என்று மாணவர் மறுத்துப் பேசினால் மகிழுங்கள், நல்ல எதிர்வாதம் அது. பதிலும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில வேளை அது உண்மையாக இருக்காது. கடைசியில் தெரியவந்தது என்னவென்றால், அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்துதான் வந்தது. காலை பத்து மணிக்குக் கடித்த செருப்பை மாலை ஏழு மணிக்குத் தூக்கிக் காட்டித் திட்டினால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? நீங்கள் வீட்டுக்கு வருவது ஆபத்து என்பதைத்தான்.

எனவே வேலை வீட்டிலிருந்து தொடங்குகிறது. நம்மவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருகிறோம். அதைக் கதவு வைத்த அலமாரியில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம் வீட்டில் மட்டும் இருக்கும் சில பொருள்களையும் கவனிக்க வேண்டும், ஆங்கிலக் குறிப்புகளில் இவை பெரும்பாலும் இருக்காது. தேக்காவில் வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை நாய் இழுத்து விழுங்கினால், நீளமான நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். பூசைக் கற்பூரமும் சேலை அலமாரியில் போடும் அந்துருண்டையும் நாய்க்கு நஞ்சு. ஆட்டுக்கறிக் குழம்பில் வெந்த எலும்பு சில்லுசில்லாக உடையும். அந்தக் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகாது. பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் மூன்றும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். பழைய செருப்பை விளையாடக் கொடுப்பது பெரிய தவறு, பழசு எது புதுசு எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? உள்ளே சோறு அடைக்கக்கூடிய ரப்பர் பொம்மை நல்லது. அது நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றே பதிய வேண்டும். பதியாத அளவு கடினமானது பல்லை உடைத்துவிடும். வெளியே கிளம்பும் முன் இருபது நிமிடம் நடத்திச் செல்லுங்கள். அண்ணன் தங்கைக்குத் தேர்வு நேரம் என்று இந்த நடையைத்தான் முதலில் நிறுத்துவார்கள், அந்த வாரமே மேசைக்கால் போய்விடும். மிளகாய்த்தூள் தடவும் பழக்கம் வேண்டாம்; கண்ணும் மூக்கும் எரியும், அவ்வளவுதான்.

நாய் எதையாவது கவ்விவிட்டால் துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு. பண்டமாற்றுச் செய்யுங்கள். ஒரு கோழித்துண்டை மூக்கருகே காட்டி, வாயைத் திறக்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பலமுறை செய்தால் சொல்லே போதும். பாட்டி "சீ, போ!" என்றும் அப்பா "நோ!" என்றும் தம்பி "டோன்ட்!" என்றும் கத்தினால் நாய்க்கு மூன்று சத்தம்தான் கேட்கும், பொருள் கேட்காது. வீடு முழுக்க ஒரே சொல் இருக்கட்டும், அது தமிழ்ச் சொல்லாகவே இருக்கட்டுமே. "விடு", "எடு" என்று ஒலி ஒத்த இரண்டைச் சேர்த்துப் பழக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு சொல்வளப் பாடமும் கிடைக்கிறது. மாணவர்கள் எல்லாவற்றுக்கும் "கடித்தது" என்றே எழுதுகிறார்கள். கவ்வுதல் வாயால் பிடித்துக்கொள்வது. கொறித்தல் முன்பற்களால் சிறிது சிறிதாகக் கடிப்பது. மெல்லுதல் கடைவாய்ப் பல்லின் வேலை. குதறுதல் கடித்துக் கிழித்துச் சிதைப்பது. கவ்வினால் "விடு" போதும், மென்றால் பண்டமாற்று, விழுங்கினால் மருத்துவர் என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.

ஆள் கிளம்பிய சிறிது நேரத்திலேயே வாசல் கதவையும் சன்னல் ஓரத்தையும் கடித்து, எச்சில் ஒழுக ஊளையிடும் நாய் வேறு வகை. இது சலிப்பு அல்ல, தனிமைப் பயம், பொம்மையால் தீராது. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே இருக்கப் பழக்க வேண்டும். கால்நடை மருத்துவரையோ அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரையோ பார்ப்பது நல்லது.

விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே தெரியும் நூலை இழுக்காதீர்கள். இரவிலும் இயங்கும் விலங்கு மருத்துவமனைகள் இங்கு உண்டு. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். பொட்டலத்தின் உறை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.