படகும் எஞ்சினும்: கடன் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

கர்ளன் ஹஸனா கேட்டு அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் படகுக்கும் எஞ்சினுக்குமானவை இந்த ஆண்டு கூடியிருக்கின்றன. கேட்பவர்களில் ஒரு சாரார் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் சவூதி, துபாய் என்று பல வருடம் உழைத்துவிட்டுக் கையில் கொஞ்சம் சேமிப்போடு திரும்பி, இனி ஊரிலேயே பிழைப்போம் என்று வந்தவர்கள். இரு சாராரும் தரும் மதிப்பீட்டில் எஞ்சினின் விலை இருக்கிறது. அது ஒரு நாளைக்குக் குடிக்கும் எண்ணெயின் கணக்கு இருப்பதில்லை. விலை ஒரு தடவை கொடுப்பது. எண்ணெய் தினமும் கொடுப்பது. ஆகவே எங்கள் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் பேசியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் அலுமினியப் படகு. வீடியோவில் பார்த்துவிட்டு இதைக் கேட்கிற இளைஞர்கள் இப்போது அதிகம். அது இலேசானது, உறுதியானது, கல்லில் உரசினால் சுலபத்தில் உடையாது. ஏரி, அணைக்கட்டு போன்ற நல்ல தண்ணீருக்கு மிகவும் ஏற்றது. நம் கடலுக்கு வந்தால் இரண்டு சங்கடங்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு பித்தளையோ செம்போ தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஒரு பித்தளைக் குமிழோ, செம்பு கலந்த அடிப்பெயின்டோ போதும். துத்தநாகக் கட்டி பொருத்தி, அது கரையக் கரைய மாற்றிவர வேண்டும். இரண்டாவது, ஓட்டை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். பைபர் படகு என்றால் ரெசினும் மேட்டும் வாங்கிவந்து கரையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க பைபர் பரவிவிட்டதால் ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். பழுதுபார்க்க ஆள் இல்லாத படகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கரையில்தான் கிடக்கும். பாக் ஜலசந்தியில் மீன் பிடிக்கிறவருக்கு இன்றைய நிலையில் பைபரே சரி என்பது எங்கள் கருத்து.

பழைய பைபர் வாங்குகிறவர்கள் வெளிப் பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பல படகுகளில் அதற்குள் பிளைவுட் வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிப் பலகை உளுத்துப்போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினை மாட்டி, அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பலகை சேர்ந்து அசைந்தால் அந்தப் படகு வேண்டாம். விற்கிறவர் நம்மவராக இருந்தால் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதையும் நினைவுபடுத்தலாம்.

இனி எஞ்சின். பக்கத்துப் படகில் 25 எச்.பி. இருக்கிறது, நமக்கும் அதுவே வேண்டும் என்பதுதான் வழக்கமாக வரும் பேச்சு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனத்த படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படியும் நீளம் 20 அடி என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அதற்கு மேல் தள்ளினால் படகு தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கும். வேகம் கூடுவதைவிட எண்ணெய் பல மடங்கு கூடும். வலை, ஐஸ், மூன்று ஆள் இல்லாமல் வெறும் படகாக ஓட்டினால் பெரிய எஞ்சின் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பறக்க வைக்கும், உண்மைதான். கடை வாசலில் ஓட்டிக் காட்டும்போது அதைத்தான் காட்டுவார்கள். நாம் தொழிலுக்கு வெறும் படகில் போவதில்லை.

ஒரு நண்டு வலைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கரையிலிருந்து 6 கிலோமீட்டரில் வலை. போக வர 12. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு எச்.பி.க்கு மணிக்கு மூன்றில் ஒரு லிட்டர் என்று தோராயமாக வைக்கலாம். 9.9 எச்.பி. எஞ்சின் மணிக்கு 11 கிலோமீட்டரில் போய்வர ஒரு மணி ஐந்து நிமிடம், மூன்றரை லிட்டர். 25 எச்.பி. அதே பாரத்தோடு தாராளமாக 14 கிலோமீட்டர் ஓடினது என்றே வைப்போம். ஐம்பது நிமிடம், ஏழு லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் நாளைக்கு 350 ரூபாய் வித்தியாசம். மாதம் 20 நாள் தொழில் என்றால் 7,000 ரூபாய். கிடைத்தது நாளைக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் நண்டு கெட்டுப்போவதில்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் செலவு இன்னும் கூடும். அதில் எண்ணெயில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடுகிறது.

சின்ன எஞ்சினிலும் முறுக்கிப் பிடித்தே ஓட்ட வேண்டியதில்லை. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ பாதியாகிறது. நேரம் சற்றுக் கூடினாலும் அதே தூரத்துக்கு எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

எல்லோருக்கும் 9.9 போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. வாடைக் காலத்தில் பாக் ஜலசந்தியும், கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாவும் என்ன பாடு படுத்தும் என்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும். எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் கரை வந்து சேர முடியாத எஞ்சின் ஆபத்து. தூரத்துக்குத் தூண்டிலுக்குப் போகிறவர், அலை அடிக்கிற கரையில் தள்ளி இறக்குகிறவர் பெரியதாகவே பார்க்கட்டும். ஆனால் 9.9 எச்.பி. எஞ்சின் சுமார் 40 கிலோ, 25 எச்.பி. 60 கிலோவை ஒட்டி வரும். அந்தப் பாரத்தையும் இழுப்பையும் பின்பலகை தாங்குமா என்று படகு கட்டியவரிடம் எழுதியே வாங்குங்கள். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை எச்.பி. வரை மாட்டலாம் என்ற தகட்டைக் கட்டுகிறவரே பதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே அந்தத் தகடு இல்லாததால் நாம்தான் கேட்க வேண்டும்.

எஞ்சினின் தண்டு நீளத்தையும் பாருங்கள். 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றைக் கடையும்; நீளமானால் தாழ்ந்த கடலில் மண்ணிலும் பாசியிலும் இழுபடும். பழைய எஞ்சின் என்றால் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கவும். பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பில்லும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகாததை என்ன விலைக்கும் வாங்க வேண்டாம்.

பணம் போதாதபோது மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது நம் கரையில் சாதாரணம். அவர் வட்டி என்று சொல்வதில்லை. பிடித்ததையெல்லாம் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இந்தக் கட்டும் இறுகுகிறது. சிறிய எஞ்சின் என்றால் சேமிப்போடு கர்ளன் ஹஸனாவும் சேர்ந்து பல குடும்பங்களுக்கு முன்பணம் இல்லாமலே முடிந்துவிடும்.

படகு வைத்திருப்பவர் ஜகாத் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். தொழில் செய்யும் படகுக்கும் எஞ்சினுக்கும் ஜகாத் இல்லை, அவை தொழிற்கருவிகள். அதேபோல, படகு இருப்பதாலேயே ஒருவர் ஜகாத் பெறத் தகுதியற்றவராகிவிட மாட்டார். சூரத்துல் கஹ்ஃபில் கடலில் உழைத்தவர்கள் படகு உடையவர்களாக இருந்தும் மிஸ்கீன்கள் என்றே சொல்லப்படுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபின் உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். வருமானம் குடும்பத் தேவைக்கு எட்டவில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம்.

விண்ணப்பத்தோடு படகின் பதிவுச் சான்றும் (பழையதென்றால் விற்பவருடையது), இரண்டு கடைகளின் விலைப் பட்டியலும், ஒரு மாத எண்ணெய்க் கணக்கும் கொண்டுவர வேண்டும். கணக்கு நோட்டுப் பல வீடுகளில் பெண்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களும் உடன் வந்தால் பேச எளிது. பதிவில்லாத படகுக்கு மீன்வளத் துறையின் வரிவிலக்கு டீசலும் கிடைக்காது, மானியமும் கிடைக்காது. பதிவுக்கு எழுதிக் கொடுப்பதற்கு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆள் இருப்பார். மதிப்பீட்டில் உயிர்காப்பு உடைகளின் விலையையும், கையில் மாட்டிக்கொள்ளும் எஞ்சின் நிறுத்துக் கயிற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பித் தருவதென்று தீர்மானித்திருக்கிறோம்.