குடுவைக் கொடி எப்போது பூக்கும்?

நெகிரி செம்பிலானின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குப் பாதை போடும்போது குன்றின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டுப்பட்ட சரிவில் மேல்மண் இருக்காது. இருக்கும் கொஞ்சநஞ்ச சத்தையும் மழை கரைத்துக்கொண்டு போய்விடும். லாலாங் புல்லும் பெரணியும் தவிர மற்றவை அங்கே எளிதில் பிழைப்பதில்லை. தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலங்களில் இப்படிப்பட்ட வெறும் மண்ணைத்தான் நேப்பந்தஸ் கிராசிலிஸ் என்னும் குடுவைக் கொடி தேடிப் பிடிக்கிறது. மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா' என்று சொல்லும் செடிகளில் இதுவும் ஒன்று.

இதன் குடுவை பூவல்ல, இலை. இலையின் நடுநரம்பு கொடிபோல நீண்டு, அதன் நுனி ஊதிக் குடுவையாகிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எறும்பின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலை அதற்கு. கிராசிலிஸின் குடுவை மூடிக்கும் இதில் ஒரு வேலை உண்டு. மூடியின் அடிப்பக்கத்தில் எறும்பு தலைகீழாகத் தொங்கித் தேன் நக்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு மழைத்துளி விழுந்தால், மூடி படக்கென்று அதிர்ந்து எறும்பைக் குடுவைக்குள் உதறிவிடுகிறது. இதை விளக்கிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது.

இவ்வளவு பெயர் வாங்கிய குடுவைக்கு முன்னால் பூவை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது பகட்டில்லாத பூவும்கூட. கொடியின் உச்சியில் ஒரு நீண்ட காம்பு எழும்பும். அதில் சின்னஞ்சிறு பூக்கள் வரிசையாக இருக்கும். அல்லி இதழ் கிடையாது. பச்சையோ பழுப்புச் சிவப்போ ஆன நான்கு மடல்கள் மட்டும். அந்த மடல்களில் தேன் சுரக்கும். சுமத்ராவில் இதே கொடியை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, ஈக்களும் அந்துப்பூச்சிகளும் பூவைத் தேடி வருவதைப் பதிவு செய்தது. பூச்சியைத் தின்னும் செடிக்கு மகரந்தம் சுமக்கவும் பூச்சிதான் வேண்டும். அதனால்தான் போலும், பூங்காம்பு உச்சிக்குப் போகிறது. குடுவைகள் கீழே தொங்குகின்றன.

வாசலில் தொட்டி கட்டி இதை வளர்ப்பவர்களின் வழக்கமான புலம்பல், குடுவை வருகிறது, பூ வரவில்லை என்பதுதான். காரணம் செடியின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. சாதாரணச் செடி இலையை வெயிலில் விரித்து மாவுச்சத்து சம்பாதிக்கும். குடுவைக் கொடி ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு பொறியைக் கட்டுகிறது. பொறியின் சுவர் வெயிலை உணவாக மாற்றுவதில் இலைப்பரப்புக்கு ஈடாகாது. செலவு பெரிது, வரவு சிறிது; எனவே வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். பூவும் விதையும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போகும் பெருஞ்செலவு. கையிருப்பு சேராமல் செடி அதில் இறங்காது. விதையிலிருந்து பூ வரைக்கும் தாழ்நில இனங்களுக்கே சில ஆண்டுகள் ஆகும்; மலை இனங்களில் பத்தாண்டைத் தாண்டுவதும் உண்டு.

தோட்டத்து மக்களுக்கு இது புரியாத கணக்கல்ல. ரப்பர் மரத்தில் அதன் வயதைப் பார்த்துப் பால் வெட்டத் தொடங்குவதில்லை. தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. ஆகிவிட்டதா என்று அளந்து பார்த்துத்தான் கத்தி வைக்கிறார்கள். நல்ல மண்ணில் அது ஐந்தாறு ஆண்டில் வரும், மோசமான மண்ணில் தள்ளிப்போகும். குடுவைக் கொடியும் அப்படியே. ஆண்டுக் கணக்கு அதற்கில்லை. போதிய பருமன் வந்தால்தான் மொட்டு விடும்.

அந்தப் பருமனை வரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். இளஞ்செடி தரையோடு இலையடுக்காக உட்கார்ந்து, பருத்த அழகான குடுவைகளைத் தரும். பிறகு தண்டு நீண்டு ஏறத் தொடங்கும்; இலைகளின் இடைவெளி கூடும்; குடுவைகள் மெலிந்து வடிவம் மாறும். அழகு போகிறதே என்று இந்தக் கட்டத்தில் பலர் உச்சியை நறுக்கிவிடுகிறார்கள். அடியிலிருந்து புதுத் தளிர் வந்து மறுபடி பருத்த குடுவை கிடைக்கும். ஆனால் பூ பெரும்பாலும் ஏறிய கொடியின் உச்சியில்தான் வரும். ஒவ்வொரு முறை நறுக்கும்போதும் செடியைப் பழைய பருவத்துக்கே திருப்பி அனுப்புகிறோம்.

ஆகவே பூ வேண்டும் என்பவர் முதலில் ஒரு கம்பு நட்டுக் கொடியை ஏறவிட வேண்டும். அடுத்தது வெயில். நிழலில் குடுவைகூட ஒழுங்காக வராது. தண்ணீர் மழைநீராக இருப்பது உத்தமம். வேருக்குத் தோட்டத்து உரம் போட்டால் செடி கருகும். அலசிய தேங்காய் நாரும் கரித்துண்டும் போன்ற சத்தற்ற கலவையே போதும். சாப்பாட்டைக் குடுவை வழியாகக் கொடுக்க வேண்டும். எறும்பு தானாக வராத மாடி வீடுகளில், மெல்லக் கரையும் உரக் குருணை ஒன்றிரண்டைக் குடுவைக்குள் போடுகிறவர்கள் உண்டு. எந்த இனம் என்பதும் முக்கியம். தீபகற்பத்து மலைகளில் வளரும் சங்குனியா குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியது. சிரம்பானின் புழுக்கமான இரவில் அதைப் பூக்க வைக்கப் பாடுபடுவதைவிட, கிராசிலிஸையோ ஆம்புலாரியாவையோ வளர்ப்பது புத்திசாலித்தனம்.

பூத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. நேப்பந்தஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. ஆண் பூவில் மஞ்சள் மகரந்தம் நடுவில் சிறு உருண்டையாக நிற்கும். பெண் பூவில் பச்சைச் சூலகம் தடித்துத் தெரியும். ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டிய துண்டுகள் எல்லாம் தாயின் பாலினத்திலேயே இருக்கும். திசு வளர்ப்பில் ஒரே செடியிலிருந்து பெருக்கி விற்கும் கன்றுகளும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருவரிடமே துண்டு வாங்கியிருந்தால், அந்த வரிசை முழுவதும் பூத்தாலும் ஒரு விதைகூடக் கிடைக்காது. துண்டுக்கு ஓர் ஆதாயமும் உண்டு. பூத்த கொடியின் துண்டு விதைக்கன்றைவிடப் பொதுவாகச் சீக்கிரம் பூக்கும்.

ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் பூக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வளர்ப்பவர்கள் மகரந்தத்தை ஈரமில்லாமல் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். பெண் பூ விரிந்ததும் மென்மையான தூரிகையால் தொட்டு வைத்தால் போதும். காய் முற்ற இரண்டு மூன்று மாதமாகும். பிறகு வெடித்து, நூலைப் போன்ற விதைகளைக் காற்றில் விடும். அவற்றின் முளைப்புத் திறன் சீக்கிரம் குறைந்துவிடும். எடுத்த உடனே விதைத்துவிட வேண்டும். இனம் பார்த்துக் கலப்பதும் அவசியம். நேப்பந்தஸ் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். ஆம்புலாரியாவும் கிராசிலிஸும் காட்டிலேயே கலந்து டிரைக்கோகார்ப்பா என்ற கலப்பினத்தைத் தந்திருக்கின்றன. இங்கிலாந்தில் வீச் நர்சரியின் ஜான் டொமினி 1862-இல் முதல் செயற்கைக் கலப்பினத்தை உருவாக்கினார். அங்கே அவர்களுக்குக் கண்ணாடி வீடும் வெந்நீர்க் குழாயும் தேவைப்பட்டன. நமக்கு அந்த வெப்பமும் ஈரமும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்தச் செடிகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை நேப்பந்தஸ் இனங்கள் அனைத்தையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவின் ஒரே குடுவைச் செடியான மேகாலயாவின் காசியானாவும், சபாவின் ராஜாவும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே சரிவில் கண்ட கொடியை வேரோடு பிடுங்காதீர்கள். பிடுங்கியது பெரும்பாலும் பிழைப்பதில்லை. நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள். பூத்ததும் ஆணா பெண்ணா என்று சீட்டெழுதித் தொட்டியில் கட்டுங்கள். அடுத்த தோட்டத்துக்காரரிடம் துண்டையும் மகரந்தத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். பூவுக்குத் தேவை வெயிலும் பொறுமையும். விதைக்குத் தேவை அக்கம்பக்கம்.