வீட்டுத் தோட்டத்தில் சம்பங்கி: கிழங்கைத் தேர்ந்து நடுங்கள்

கிணற்றடியிலும் வாசலோரத்திலும் ஒரு பாத்தி சம்பங்கி இருந்தால், பூசைக்கும் தலையில் சூடவும் பூ வாங்கக் காசு தேடவேண்டியதில்லை. நம் தமிழகச் சமவெளியின் வெயிலைத் தாங்கி, ஒருமுறை நட்டால் இரண்டு ஆண்டுகள் வரை பூக்கும் கிழங்குப் பயிர் இது. நிலச்சம்பங்கி என்றும் இதனைக் கூறுவர். இதன் தாயகம் மெக்சிகோ நாடாகும்.

சம்பங்கி பயிரிட விரும்புவோர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் தோண்டிய கிழங்குகளைக் கேட்டு வாங்கி அப்படியே நட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நோயுற்ற தோட்டத்துக் கிழங்கோடு வேர்முடிச்சு நூற்புழுவும் நம் வீட்டு மண்ணுக்குள் வந்துவிடும். வந்தபின் சம்பங்கி மட்டுமல்ல, அதே கொல்லையில் நாம் வளர்க்கும் கத்தரி, தக்காளி, வெண்டை, கனகாம்பரம் ஆகியவையும் பாதிக்கப்படும். மண்ணில் குடியேறிய நூற்புழுவை முழுவதும் ஒழிப்பது மிகவும் கடினம். ஆகவே நடும் முன் கிழங்கைப் பார்த்துத் தேர்வு செய்வதே முதல் வேலை.

எந்த இரகம்?

பூ எதற்கு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சரம் தொடுக்கவும் மாலை கட்டவும் ஒற்றை அடுக்குப் பூக்களே ஏற்றவை. இவற்றில் மணமும் மிகுதி. நறுமண எண்ணெய் எடுக்கவும் இவையே பயன்படுகின்றன. பூச்சாடியில் தண்டோடு வைக்க வேண்டுமானால் இரட்டை அடுக்கு இரகங்களைத் தெரிவு செய்யலாம்.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பல இரகங்களை உருவாக்கியுள்ளது. ஒற்றை அடுக்கில் சிருங்கார், பிரஜ்வல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கி வளரும். சிருங்காரையும் மெக்சிகன் சிங்கிளையும் இணைத்து உருவான பிரஜ்வல் இரகத்தில் மொட்டு இலேசான இளஞ்சிவப்பாகவும், மலர்ந்தபின் வெண்மையாகவும் இருக்கும். பூ சிருங்காரைவிடப் பெரியது. இரட்டை அடுக்கில் சுவாசினி, வைபவ் ஆகியன உள்ளன. கொல்லையில் காய்கறியும் சேர்த்துப் பயிரிடுவோருக்கு சிருங்கார் நல்ல தேர்வு.

நல்ல கிழங்கின் இலக்கணம்

கிழங்கு ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எடை இருக்கவேண்டும். சிறு கிழங்குகள் முளைத்து இலை விடுமே தவிர, முதல் ஆண்டில் சரியாகப் பூக்கா. ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதன் பக்கத்தில் தோன்றும் புதுக்கிழங்குகளே பூக்கும். கையில் அழுத்தினால் மெத்தென்று இருப்பதும் அழுகல் வாடை வீசுவதும் வேண்டாம்.

கிழங்கு வாங்கும்போது வேரையும் பார்க்கவேண்டும். வேரை நறுக்கிவிட்ட கிழங்குகளையே கொடுத்தால், தோட்டத்தில் நிற்கும் செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் அந்தத் தோட்டத்துக் கிழங்கு வேண்டாம்.

தோண்டிய கிழங்குகளை உடனே நடலாகாது. நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, சுமார் 30 நாட்கள் ஓய்வு கொடுத்தபின் நடவேண்டும். நடும் முன் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்தல் நலம்.

இடமும் மண்ணும்

நாள் முழுதும் வெயில் படும், நீர் தேங்காத இடம் தேவை. மரநிழலில் இலைதான் தழைக்கும். மரக்காணம் போன்ற கடலோரப் பகுதியில் இருப்போர் கிணற்று நீரின் உப்புத்தன்மையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வட்டாரத்தினர் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. திண்டிவனம் மணிலாவுக்குப் பேர் பெற்ற ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்கள் டி.எம்.வி. என்ற பெயருடன் வழங்குவதை அறிவீர்கள். அந்த மணிலாவைத் தாக்கும் தண்டு அழுகல் நோயின் பூசணமே சம்பங்கியையும் தாக்குகிறது. ஆகவே மணிலாக் கொடி குவித்து வைத்த மூலையிலும், தண்டு அழுகல் கண்ட நிலத்திலும் சம்பங்கி நடலாகாது. நோயுற்ற மணிலாக் கொடியைப் பாத்தியில் மூடாக்காகவும் போடலாகாது.

நடவும் உரமும்

ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பாத்தி ஒன்று வீட்டுத் தேவைக்குப் போதுமானது. இதில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளியில் 3 வரிசைகளாக 45 கிழங்குகள் நடலாம். ஒரு அங்குல ஆழத்தில், முளைநுனி மேல்நோக்கி இருக்குமாறு நடவேண்டும்.

இந்தப் பாத்திக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் டிரைக்கோடெர்மா ஆகியவற்றைக் கலந்து இடுங்கள். சூப்பர் பாஸ்பேட் 460 கிராம், பொட்டாஷ் 125 கிராம் இவற்றை அடியுரமாக இடலாம். யூரியா 160 கிராமை மூன்று சம பங்காக்கி நடும்போதும், 60-ஆம் நாளும், 90-ஆம் நாளும் இடவேண்டும். இரசாயன உரத்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நாளில் சேர்த்து இடாமல் சில நாட்கள் இடைவெளி விடுங்கள்.

வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும். மண் ஈரமாக இருக்கும்போது மீண்டும் நீர் விடுவது கிழங்கு அழுகலுக்கு வழிவகுக்கும்.

மழைக்காலத்தில்

ஜூலையில் நட்ட சம்பங்கி ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் பூத்தண்டு விடும். அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில். 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்ததை நாம் மறக்க இயலாது. அத்தகைய மழையில் தாழ்ந்த பாத்தியில் உள்ள கிழங்கு தப்பாது. எனவே பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்தி அமைத்து, சுற்றிலும் வடிகால் விடுங்கள். மழை நின்ற அன்றே தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

நோயும் பூச்சியும்

தண்டு அழுகல் கண்டால் இலையின் அடிப்பகுதி வெளிறி, இலைகள் உதிரும். மண்ணை ஒட்டி வெள்ளை நூல்போன்ற பூசணமும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் காணப்படும். அச்செடியைச் சுற்றுமண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிடவேண்டும். எருக்குழியில் போட்டால் அடுத்த பருவத்தில் அந்நோயை நாமே வயலுக்குக் கொண்டு செல்வோம்.

காரணமின்றிச் செடி குன்றி, இலை மஞ்சளித்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நூற்புழுதான். பாத்தியோரம் துலுக்கச் சாமந்தி நடுவது நூற்புழுவின் பெருக்கத்தைக் குறைக்கும்.

இலைப்பேன், மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் தெளிக்கலாம். பெண்டிர் தலையில் சூடும் பூ என்பதால் வீட்டுப் பாத்தியில் நச்சு மருந்துகளைத் தவிர்த்தல் நலம்.

பூப்பறிப்பும் மறுநடவும்

சரத்துக்கான பூக்களைக் காலை 8 மணிக்குள் பறிக்கவேண்டும். பூச்சாடிக்கானால் அடியிலுள்ள ஓரிரு பூக்கள் மலர்ந்ததும் தண்டை நறுக்கி நீரில் வைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் நீரை நிறுத்தி, இலை பழுத்துக் காய்ந்ததும் கிழங்குகளைத் தோண்டுங்கள். 45 கிழங்கு நட்ட பாத்தியில் பன்மடங்கு கிழங்குகள் கிடைக்கும். பெரியவற்றைப் பிரித்து, வேறு இடத்தில் நடுங்கள்.

மீதியை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கும் முன் வேரில் முடிச்சு உள்ளதா என்று பார்த்துக் கொடுங்கள். ஐயம் இருந்தால் மண்ணையும் வேரையும் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் சென்று காட்டி ஆலோசனை பெறுங்கள். நல்ல கிழங்கு கைமாறினால் தெருவெல்லாம் சம்பங்கி மணக்கும். கெட்ட கிழங்கு கைமாறினால் தெருவிலுள்ள கொல்லைகள் அனைத்தும் கெடும்.