மாவட்டந்தோறும் மனநல வைத்தியம்

சித்தம் கலங்கிய மகனைக் கையைப் பிடித்துக்கொண்டு தர்காவுக்கும் கோயிலுக்கும் மாதாகோயிலுக்கும் நடக்கிற தாயை அஞ்ஞானத்தில் மூழ்கியவள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவளுடைய கிராமத்திலிருந்து மனநோய் வைத்தியர் இருக்கும் ஊர் எவ்வளவு தூரம், அங்கே போய்வர எத்தனை நாள் கூலி நஷ்டமாகும், எழுதிக் கொடுத்த மருந்து அடுத்த மாதமும் கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்த பிறகு அவளைக் குறைகூற நமக்கு நா எழாது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநோயாளர் காப்பகங்களுள் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓடித் தப்ப வகையின்றி 28 பேர் மடிந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, அவற்றில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முற்படுகிறவர்கள், மனநோய்க்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் நடத்தி வந்த ஆஸ்பத்திரி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான் என்பதையும், மருத்துவக் கல்லூரி உள்ள நகரங்களைவிட்டு விலகினால் ஏழைக்குப் புகலிடம் அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்நிலையை மாற்றும் மார்க்கம் அந்த விபத்துக்கு வெகு முன்பே கண்டறியப்பட்டிருந்தது என்பதுதான் மிகுந்த வேதனைக்குரியது. பெங்களூர் நிமான்ஸ் மனநல ஸ்தாபனத்தார், கர்நாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் அதே இடத்தில் மனநோய்க்கும் மருந்து கொடுக்க முடியும் என்று நிரூபித்தார்கள். 1982-இல் பிறந்த தேசிய மனநலத் திட்டம், அந்த அநுபவத்தைப் பின்பற்றி 1996-இல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டமாக உருவெடுத்தபோது, அந்நான்கில் திருச்சியும் இடம்பெற்றது. மனநோய் வைத்தியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் அடங்கிய குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குச் செல்வதும், நோயாளி மாத மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பித் தம் தொழிலைப் பார்ப்பதுமே இத்திட்டத்தின் சாரம். மனச்சிதைவு கண்டவருக்கு மருந்து இடையில் நின்றுபோனால் நோய் மறுபடியும் தலைதூக்கும் அபாயம் உண்டு. ஆகையால் தட்டின்றி மருந்து வந்துகொண்டிருப்பதே இவ்வைத்தியத்தின் உயிர்நிலை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதைத் தடைசெய்ததோடு நில்லாமல், அரசாங்கம் நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 18-ஆவது பிரிவில் பிரகடனம் செய்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கும் வீடற்றோருக்கும் அச்சிகிச்சை இலவசம். சட்டசபைகளும் பாராளுமன்றமும் இயற்றிய சட்டங்களுள் இவ்வளவு தாராள சிந்தையுடன் எழுதப்பட்டவை சிலவே என்பது என் எண்ணம்.

உரிமையை அநுபவிப்பதற்கு ஊழியர் வேண்டும். ஊழியருக்குச் சம்பளம் வேண்டும். 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிமான்ஸ் நடத்திய ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்றும், பெரும்பாலான நோய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் சிகிச்சையின்றி இருக்கிறார்கள் என்றும் கண்டது. இத்தகைய தேசத்தில், மத்திய சர்க்காரின் வரவுசெலவுத் திட்டத்தில் தேசிய மனநலத் திட்டத்தின் பெயரால் 2018-19-இல் குறிக்கப்பட்டிருந்த 50 கோடி ரூபாய், மறு ஆண்டு 40 கோடியாகக் குறைந்தது. சுகாதாரத்துக்கு மொத்தம் 86,000 கோடிக்கு மேல் ஒதுக்கிய 2022-23-இலும் அந்த 40 கோடி அப்படியே நின்றது. மாவட்டத் திட்டத்துக்குரிய பணமோ தேசிய சுகாதார இயக்கத்தின் பொதுத்தொகைக்குள் கலந்து வருகிறது. ஆண்டுதோறும் மாநிலங்கள் கேட்டுப் பெறவேண்டிய அத்தொகையில், நீரிழிவும் புற்றுநோயும் முன்னே நிற்கையில், வாய்திறந்து கேட்கமாட்டாத மனநோயாளியின் பங்கு பின்னுக்குப் போய்விடுகிறது.

ஏர்வாடியிலேயே பின்னாளில் தர்காவின் துவா என்னும் பிரார்த்தனைக்கு இடையூறின்றி அங்கே வருவோருக்கு மனநோய் வைத்தியமும் அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பக்தியைப் பகைக்காத இந்த விவேகம் போற்றத்தக்கது. அத்தகைய வைத்தியம் மாவட்டந்தோறும் தொடர்ந்து நடக்க, மாவட்டக் குழுவினரின் பதவிகள் ஒப்பந்தத்தில் ஊசலாடாமல் நிரந்தரமாக்கப்பட வேண்டும். மாவட்டத் திட்டத்தின் தொகை தனித் தலைப்பின் கீழ்க் குறிக்கப்பட்டு, நிதியாண்டின் தொடக்கத்திலேயே மாவட்டத்துக்குச் சேர வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியின் மருந்து இருப்புப் பட்டியலில் மனநோய் மாத்திரைகள் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் விவாதத்துக்கு வரும்போது, நம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் இம்மூன்றையும் நாம் எழுதிக் கேட்கலாம்.